ஓஸோன் வாயுவும் சட்டமும்

வருஷந்தோறும் செப்டம்பர் மாதம் 16ஆம் தேதியை ஓஸோன் தினமென்று உலகமெங்கும் கொண்டாடுகிறார்கள். நமது பள்ளிக்கூடங்களிலும் அன்று சித்திரப் போட்டிகளும் பேச்சுப் போட்டிகளும் நடைபெறுகின்றன. பூகோளத்துக்குக் குடை பிடித்தாற்போல் ஒரு படம், அந்தக் குடையிலே ஓர் ஓட்டை, கீழே “ஓஸோனைக் காப்போம்” என்று ஒரு வாசகம். இவ்வளவோடு விழா முடிந்து விடுகிறது. இத்தகைய விழாக்களை நாம் குறை கூறவில்லை. ஆனால், மேடையேறும் பிரசங்கிகளில் எத்தனை பேர், அதே ஓஸோன் வாயு நாம் நடமாடும் தெருவிலே நம் மூக்குக்கு எட்டும் உயரத்தில் விஷமாக நிற்கிறதென்பதையும் சேர்த்துச் சொல்லுகிறார்கள்? “ஓஸோனைக் காப்போம்” என்று எழுதிய பிள்ளை, ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு மைதானத்தில் ஓடி மூச்சு வாங்கும்போது, எந்த ஓஸோனைக் காப்பது, எதனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்வது என்பதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது அவசியமென்று கருதியே இன்று இவ்விஷயத்தை எடுத்துக் கொண்டோம்.

ஓஸோன் என்பது வேறொன்றுமன்று. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவின் மறு உருவமே. பிராணவாயுவில் இரண்டு அணுக்கள் ஜோடியாகச் சேர்ந்திருக்கின்றன. ஓஸோனில் மூன்று சேர்ந்திருக்கின்றன. இரண்டு பேர் அமைதியாய்க் குடியிருக்கும் வீட்டில் மூன்றாமவர் வந்து சேர்ந்தால் என்ன நடக்குமோ, அதுவே இங்கும் நடக்கிறது. அந்த மூன்றாவது அணு எப்போது பிரிந்து எதன்மேல் பாயலாமென்று காத்திருக்கிறது. ரப்பர் மேல் பாய்ந்தால் ரப்பர் வெடிக்கிறது. இலையில் பாய்ந்தால் இலை புள்ளி விழுந்து வெளுக்கிறது. சுவாசப்பையில் பாய்ந்தால் அதன் உட்சவ்வு புண்ணாகிறது. இடி மின்னலுக்குப் பிறகு காற்றிலே வீசும் ஒருவிதக் கூரிய மணம் இவ்வாயுவினுடையது. பாஸல் நகரத்து ரஸாயனப் பேராசிரியர் ஷோன்பைன் என்பவர் 1839ஆம் வருஷத்தில் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துக் கொண்டிருந்தபோது இந்த மணத்தைக் கவனித்து, மணத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயரிட்டார். மூன்று அணுக்களால் ஆனதென்ற இரகசியம் வெளிப்பட இன்னும் கால் நூற்றாண்டு சென்றது.

பூமியின் வாயு மண்டலத்திலுள்ள ஓஸோனில் நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு பங்கு நமக்கு மேலே 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியனுடைய ஊதா கடந்த கிரணங்கள் அங்கே பிராணவாயுவின் ஜோடியைப் பிளக்கின்றன; பிரிந்த அணு வேறொரு ஜோடியோடு சேர்ந்து ஓஸோன் ஆகிறது. அந்த ஓஸோனும் கிரணத்தை விழுங்கி மறுபடி பிரிகிறது. ஆவதும் அழிவதுமாகிய இந்த ஓயாத வியாபாரத்தில்தான், நம் தோலைச் சுட்டு, கண்ணில் திரை விழச் செய்து, பயிரையும் கடல் நுண்ணுயிர்களையும் கெடுக்கவல்ல கிரணங்கள் பெரும்பாலும் செலவாகி விடுகின்றன. இவ்வளவு பெரிய உபகாரம் செய்யும் பொருளின் அளவு எவ்வளவென்று நினைக்கிறீர்கள்? தலைக்கு மேலுள்ள ஓஸோன் முழுவதையும் கீழே இறக்கித் தரைமட்டத்துக் காற்றின் அழுத்தத்தில் பரப்பினால், சுமார் மூன்று மில்லிமீட்டர் கனந்தான் வரும். நமது உஷ்ணப் பிரதேசத்தில் அதனினும் சற்றுக் குறைவு.

அளக்கும் கருவியைச் செய்தவர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை விஞ்ஞானி டாப்ஸன். அவர் 1920களின் பிற்பகுதியில் தம் கருவிகளைக் கலிபோர்னியா, எகிப்து, நியூஸிலாந்து ஆகிய தூர தேசங்களுக்கெல்லாம் அனுப்பி வைத்தபோது, ஒன்று நம் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்துக்கும் வந்து சேர்ந்தது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிச்சாலையின் முதல் டைரக்டராக விளங்கிய கே. ஆர். ராமநாதன், சர்வதேச ஓஸோன் கமிஷனுக்குத் தலைமை வகிக்குமளவு இத்துறையில் கீர்த்தி பெற்றார். ஓஸோன் என்பது மேல்நாட்டாரின் கவலை, நமக்கு அதில் சம்பந்தமில்லை என்று எண்ணுவோர் இதைக் கவனிப்பார்களாக.

நிற்க. மேலேயுள்ள ஓஸோனுக்கு நேர்ந்த ஆபத்தும் அதிலிருந்து அது தப்பிய கதையும், வழக்கறிஞர் தொழிலில் பழகிய நமக்கு ஒரு பெரிய வழக்கின் கட்டுப் போலவே தோன்றுகின்றன. ஆகையால் அதை அந்த முறையிலேயே சொல்லுகிறோம்.

பிரதிவாதி, குளோரோபுளோரோகார்பன் எனப்படும் வாயுக்கள். 1928ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜிலி என்ற இயந்திர நிபுணர் இவற்றைக் குளிர்ச்சிப் பெட்டிகளுக்காகக் கண்டுபிடித்தார். முன்னர் உபயோகத்திலிருந்த வாயுக்கள் எரியக் கூடியவை, அல்லது நச்சுத்தன்மை வாய்ந்தவை. புது வாயு எரியாது, நாறாது, எதனோடும் சேராது. மிட்ஜிலி 1930இல் ரஸாயன சங்கத்தார் முன்னிலையில் அதைத் தம் வாயால் உள்ளிழுத்து, ஊதி, எரிந்து கொண்டிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கும் வழியைக் கண்டவரும் இதே மிட்ஜிலிதான். ஒரே மனிதருடைய கெட்டிக்காரத்தனத்தின் பலனாக உலகம் இருமுறை தொல்லைப்பட்டது; கெட்ட எண்ணத்தினாலன்று என்பதையும் சொல்ல வேண்டும்.

எதனோடும் சேராத குணமே இதன் குற்றமாயிற்று. மழையில் கரையாமல், மண்ணில் சிதையாமல், பல்லாண்டுகள் மிதந்து மேலே சென்று ஓஸோன் மண்டலத்தை அடைந்ததும், அங்குள்ள கடுமையான கிரணங்கள் இவ்வாயுவை உடைத்துக் குளோரின் அணுவை விடுவிக்கின்றன. அந்த ஓர் அணு ஓஸோனைத் தாக்கி அழித்து, தான் மட்டும் அழியாமல் விடுபட்டு, அடுத்ததைத் தாக்குகிறது. இவ்வாறு ஓர் அணு ஏறக்குறைய லட்சம் ஓஸோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடுமென்று கலிபோர்னியாவில் வேலை செய்து வந்த மொலீனா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினர். பிராது இப்படித் தாக்கலாயிற்று.

பிரதிவாதித் தரப்பின் வாதம் நாம் கோர்ட்டுகளில் நித்தியம் கேட்பதுதான். இது வெறும் ஊகம். கணக்கில் உள்ளதே தவிர ஆகாயத்தில் கண்டவர் யார்? கெடுதல் நிச்சயமாய் நிரூபணமானால் உற்பத்தியை நாங்களே நிறுத்தி விடுகிறோம் என்று அவ்வாயுக்களைச் செய்வதில் முதன்மை வகித்த டுபாண்ட் கம்பெனியார் பத்திரிகைகளில் விளம்பரமே செய்தனர். வாசனைத் தெளிப்பான்களில் இவ்வாயுக்களை அடைப்பதை அமெரிக்க சர்க்கார் 1978இல் தடுத்தது. ஆயினும் குளிர்ச்சிப் பெட்டிக்கும் நுரைப் பஞ்சுக்கும் மின்சாரக் கருவிகளைக் கழுவுவதற்கும் உபயோகம் பெருகியே வந்தது.

சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தான். தென் துருவக் கண்டத்தில் ஹாலி பே என்னுமிடத்தில் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் 1950களிலிருந்து டாப்ஸன் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் ஓஸோனை அளந்து எழுதி வந்தனர். பயன் என்னவென்று பலர் கேட்டிருக்கக்கூடிய, சலிப்பூட்டும் வேலை அது. அக்டோபர் மாதங்களில் சுமார் 300 என்றிருந்த எண் 1984க்குள் 200ஐ ஒட்டி இறங்கி விட்டது. பார்மன், கார்டினர், ஷாங்க்லின் ஆகிய மூவரும் 1985ஆம் வருஷம் மே மாதத்தில் இதை வெளியிட்டதும் உலகம் திடுக்கிட்டது. விண்ணிலே சுற்றி வந்த அமெரிக்கச் செயற்கைக் கிரகத்தின் கணக்குகளிலும் அதே குறைவு பதிவாகித்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு தாழ்ந்த எண்கள் நம்பத்தக்கவையல்லவென்று தனியே குறிக்கப்பட்டுக் கிடந்தன. விலையுயர்ந்த யந்திரம் கண்டும் காணாதது, பழைய கருவியருகில் குளிரில் நின்ற மனிதருக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் நேயர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. தென் துருவத்தில் ஓஸோன் ஏன் குறைந்தது என்பதற்குக் காரணம் அப்போது முடிவாகவில்லை. காற்றோட்டத்தின் மாறுதல் என்றனர் சிலர்; சூரியனின் சேஷ்டை என்றனர் வேறு சிலர். துருவத்து நீண்ட இரவில் உயரே உண்டாகும் பனி மேகங்களின்மேல் குளோரின் தயாராகி, வசந்த காலத்துச் சூரியன் தோன்றியவுடன் அழிவைத் தொடங்குகிறதென்று ஸூஸன் ஸாலமனும் அவருடைய சகாக்களும் 1986இல் விளக்கம் தந்து, அங்கேயே சென்று சோதித்தனர். உயரப் பறந்த விமானங்கள் சந்தேகத்துக்கிடமில்லாத அத்தாட்சியைக் கொண்டு வந்தது 1987 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில். அவ்வத்தாட்சி ஆராயப்பட்டு வெளியாகுமுன், அதே செப்டம்பர் 16ஆம் தேதி, மான்ட்ரியல் நகரத்தில் உடன்படிக்கை கையெழுத்தாகி விட்டது. அதாவது, கிரிமினல் வழக்கில் எதிர்பார்க்கப்படும் நிரூபணம் முழுதும் கைக்கு வருமுன்னரே தேசங்கள் தீர்ப்பளித்தன. சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்ட மனிதனுக்குக் கொடுப்பது நியாயம். மனிதன் பேரில் தவறு நேர்ந்தால் அவன் வாழ்வு போய்விடும். ஒரு ரஸாயனத்துக்கு அந்தச் சலுகை எதற்கு? அதற்குப் பிரஜா உரிமை ஏதுமில்லையே! டுபாண்ட் கம்பெனியாரும் 1988 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தனர்.

அந்த உடன்படிக்கையில் நமது தேசம் உடனே கையெழுத்திடவில்லை. அதற்காக நம்மைப் பிடிவாதக்காரரென்று தூற்றினவர்களுமுண்டு. காரணம் வெளிப்படை. ஆகாயத்தைக் கெடுத்த வாயுவில் மிகப் பெரும் பங்கு செல்வ நாடுகளுடையது. நம் ஜனங்களில் குளிர்ச்சிப் பெட்டியைக் கண்ணால் கண்டவர்களே அன்று சொற்பம். அனுபவித்தவன் ஒருவன், அபராதம் கட்டுகிறவன் மற்றொருவன் என்றால் அது என்ன சட்டம்? மாற்றுப் பொருள்களைச் செய்யும் வித்தையையும் அதற்கு வேண்டிய செலவையும் செல்வ நாடுகள் தர வேண்டுமென்று 1990ஆம் வருஷம் ஜூன் மாதத்து லண்டன் மகாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகள் நமது சுற்றுச்சூழல் மந்திரி மேனகா காந்தியின் தலைமையில் வாதாடினர். அதன் விளைவாக ஒரு பொது நிதி ஏற்பட்டது. முதல் மூன்று வருஷங்களுக்கு 16 கோடி டாலர். இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி என்று பேசி முடிந்தது. 1992இல் நாம் சேர்ந்தோம். 2010ஆம் வருஷத் தொடக்கத்துக்குள் இவ்வாயுக்களின் சாதாரண உபயோகத்துக்கான உற்பத்தி இங்கே நின்றது. ஏழைத் தேசங்கள் நியாயம் கேட்டதால் உடன்படிக்கை பலவீனப்படவில்லை. அதனால்தான் உலகத்திலுள்ள எல்லா ராஜ்யங்களும் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையாக 2009இல் அது ஆயிற்று.

பலன் என்ன? தென் துருவத்தின் மேல் ஓஸோன் 1980ஆம் வருஷத்து நிலைமைக்கு 2066ஐ ஒட்டித் திரும்புமென்றும், வட துருவத்தில் 2045ஐ ஒட்டியும், உலகத்தின் ஏனைய பாகங்களில் 2040ஐ ஒட்டியும் திரும்புமென்றும் ஐக்கிய நாடுகளின் ஆதரவில் நடந்த 2022ஆம் வருஷத்து ஆராய்ச்சி கூறுகிறது. அமெரிக்கர்களுக்கு மட்டும், 1890 முதல் 2100 வரை பிறப்போரைக் கணக்கிட்டு, 44 கோடிக்கு மேற்பட்ட தோல் புற்றுநோய்களும் 6 கோடிக்கு மேற்பட்ட கண்புரை நோய்களும் இவ்வுடன்படிக்கையால் தவிர்க்கப்படுமென்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகா மதிப்பிட்டிருக்கிறது. இடையில் ஒரு திருட்டும் நடந்தது. தடுக்கப்பட்ட வாயுக்களில் ஒன்று எங்கோ புதிதாய் வெளிப்படுகிறதென்று 2018இல் கண்டார்கள். 2019இல் பெரும்பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறதென்று துப்புத் துலங்கியது. பிறகு அது குறைந்தது. காற்றை அளப்பவன் கண்ணை மூடாதவரை சட்டத்துக்கு உயிருண்டு.

இவ்வாயுக்களுக்கு மற்றொரு குற்றமும் உண்டு. அதைக் கண்டவர் மதுரையில் பிறந்து அண்ணாமலை சர்வகலாசாலையில் படித்த வீரபத்திரன் ராமநாதன். பூமியின் உஷ்ணத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பதில் இவை கரியமிலவாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு வல்லவை என்று 1975இல் அவர் எழுதினார். முன் சொன்ன ராமநாதன் வேறு, இவர் வேறு. இவரைப் பற்றிக் கீழே மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, தரைக்கு வருவோம். தெருவிலுள்ள ஓஸோனை யாரும் புகைப்போக்கி வழியாக வெளியே விடுவதில்லை. மோட்டார் வண்டிகளும் மின்சார உற்பத்திச் சாலைகளும் நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற வாயுவைக் கக்குகின்றன. பெட்ரோல் ஆவி, வர்ண எண்ணெய்களின் ஆவி, குப்பையும் விறகும் எரியும் புகை இவற்றோடு அது கலந்து வெயிலில் காய்கிறது. சூரிய கிரணம் நைட்ரஜன் ஆக்ஸைடிலிருந்து ஓர் அணுவைப் பிரித்தெடுக்க, அது பிராணவாயுவோடு சேர்ந்து ஓஸோன் ஆகிறது. வெயில்தான் அடுப்பு. ஆகவே வெயில் உச்சத்தைத் தாண்டிய பிற்பகலிலேயே இவ்விஷம் மிகுகிறது, நள்ளிரவில் குறைகிறது. புகை கண்ணுக்குத் தெரியும், ஓஸோன் தெரியாது. வானம் தெளிவாக, நீலமாக, அழகாக இருக்கும் நாளிலும் அது இருக்கக்கூடும்.

இதை முதலில் துலக்கியவர் ஹாலந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பேராசிரியராயிருந்த ஹாகன் ஸ்மிட். அன்னாசிப்பழத்துக்கு மணம் தரும் பொருள்கள் எவையென்று ஆராய்ந்து கொண்டிருந்தவரை, லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்தில் 1943 முதல் ஜனங்களின் கண்ணைக் கரித்து மார்பை அடைத்து வந்த மூட்டத்தின் பக்கம் இழுத்தார்கள். மோட்டார்ப் புகையும் எண்ணெய் ஆவியும் வெயிலில் ஓஸோனாவதை 1950களின் தொடக்கத்தில் அவர் நிரூபித்தார். வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டு எத்தனை நிமிஷத்தில் வெடிக்கிறதென்று பார்த்தே அன்று ஓஸோனை மதிப்பிட்டார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் மறுத்தன. மோட்டார்க் கம்பெனிகள் காலங் கடத்தின. 1975 முதல் அமெரிக்க மோட்டார் வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கருவி பொருத்தப்பட்டது. அந்நகரத்தின் காற்று அதற்குப் பின் எவ்வளவோ திருந்தியது. எனினும் இன்றுவரை அது ஓஸோன் விதியை முற்றிலும் நிறைவேற்றியதில்லை.

தேகத்துக்கு இது செய்யும் கெடுதல் என்னவென்று டாக்டர்கள் ஐயமறக் கூறுகின்றனர். சுவாசக் குழாய்களின் உட்சவ்வு வீங்குகிறது. ஆழ்ந்து மூச்சிழுத்தால் மார்பு வலிக்கிறது. வறட்டு இருமல் உண்டாகிறது. காசநோயன்று, ஆஸ்துமா என்ற இழுப்பு உள்ளவர்களுக்கு இழுப்பு அதிகமாகிறது. குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். உடலளவுக்கு அவர்கள் இழுக்கும் காற்று அதிகமாதலால். அடுத்தபடி யார்? குளிர்ச்சி செய்த அறையில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்களல்லர். கட்டடத்தில் கல் சுமப்பவர், தார் ரோடு போடுபவர், கைவண்டி தள்ளுபவர், போக்குவரத்துப் போலீஸ்காரர், வயலில் குனிந்திருப்பவர் இவர்களே பிற்பகலில் வெளியே நின்று பலமாக மூச்சு வாங்குகிறவர்கள். அமெரிக்காவில் சுமார் நான்கரை லட்சம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, ஓஸோன் அதிகமுள்ள நகரங்களில் சுவாச நோய்களால் இறப்போர் அதிகமென்று காட்டிற்று.

பயிரும் தப்பவில்லை. பூனா நகரத்து விஞ்ஞானிகள் முதலியோருடன் நாம் மேலே சொன்ன வீரபத்திரன் ராமநாதனும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2005ஆம் வருஷத்தில் மட்டும் ஓஸோனால் இந்தியா இழந்தது சுமார் 35 லட்சம் டன் கோதுமை, 21 லட்சம் டன் அரிசி. நகரத்து மோட்டார் விட்ட புகைக்குக் கிராமத்துக் குடியானவன் கொடுக்கும் தண்டம் இது. ஏனெனில், இங்கே ஒரு விசித்திரம் உண்டு. நெரிசலான தெருவில் வண்டிகள் புதிதாய்க் கக்கும் நைட்ரஜன் வாயு ஓஸோனைத் தின்று விடுகிறது. காற்றடிக்கும் திசையில் ஊருக்கு வெளியே செல்லச் செல்ல அது கூடுகிறது. நகரத்தின் நடுவே கருவியை வைத்து ‘ஓஸோன் குறைவு’ என்று எழுதிக்கொள்வது, திருடன் வீட்டில் தேடாமல் பறிகொடுத்தவன் வீட்டில் தேடுவதை ஒக்கும். 2020ஆம் வருஷத்து ஊரடங்கின்போது வண்டிகள் நின்று புகை குறைந்தும் பல நகரங்களில் ஓஸோன் குறையாததும், சில இடங்களில் கூடியதும் இக்காரணம் பற்றியே. ஒரு புகையை மட்டும் அடக்கினால் போதாது. எண்ணெய் ஆவிகளையும் சேர்த்து அடக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், ஓஸோன் ஆரோக்கியம் தருமென்ற பழைய மயக்கம் தீரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வைத்தியர்கள் சிலர், காற்றில் ஓஸோன் குறைந்தால் காலரா வருமென்று நம்பினர். கடற்கரை ஊர்களின் ஹோட்டல்காரர்கள் எங்கள் காற்றில் ஓஸோன் நிறைய உண்டென்று விளம்பரம் செய்தனர். கடலின் மணத்துக்குக் காரணம் கடல் நுண்ணுயிர்களிலிருந்து எழும் ஒரு கந்தக வாயு, ஓஸோன் அன்று. இன்றைக்கும் ‘ஓஸோன் சுத்திகரிப்பு’ என்ற பெயரில் வீட்டு அறைகளுக்கு யந்திரங்கள் விற்கிறார்கள். கொரோனா வியாதிக் காலத்தில் பயந்த ஜனங்களிடம் இவ்வியாபாரம் துணிவோடு நடந்தது. கிருமி சாகும் அளவு ஓஸோனை அறையில் நிரப்பினால் அந்த அறையில் மனிதன் உட்காரக் கூடாது. மனிதன் உட்காரக்கூடிய அளவு ஓஸோனுக்குக் கிருமி அஞ்சாது. மேலும், எலுமிச்சை மணமூட்டிய தரை கழுவும் திரவங்களின் ஆவியோடு அது சேர்ந்து பார்மால்டிஹைடு என்ற வேறொரு நஞ்சை உண்டாக்குகிறது. வைத்தியத்துக்கு உபயோகமென்று அறியப்படாத விஷ வாயுவென்றே அமெரிக்க மருந்து இலாகாவின் விதி இதை வர்ணிக்கிறது. கலிபோர்னியா ராஜ்யத்தில், பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் ஓஸோன் விடும் காற்றுச் சுத்திகரிப்பு யந்திரங்களை வீட்டுக்கு விற்கக் கூடாதென்று 2010இல் தடை அமுலுக்கு வந்தது. அதே கண்டிப்பு நமது அதிகாரிகளிடமும் வேண்டும். குடி தண்ணீரைச் சுத்தம் செய்ய ஓஸோனை உபயோகிப்பது வேறு விஷயம். பிரெஞ்சு தேசத்து நீஸ் நகரம் 1906 முதல் செய்திருக்கிறது. குழாய்க்குள் அடைபட்டு வேலை செய்யும் வரையில் அது நல்ல வேலைக்காரன்.

சட்டம் இது விஷயத்தில் என்ன செய்கிறது? எண் இருக்கிறது. 2009ஆம் வருஷத்து இந்திய விதிப்படி, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் ஓஸோன் 100 மைக்ரோகிராமுக்கும், ஒரு மணி நேரச் சராசரியாக 180 மைக்ரோகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. உலக சுகாதார ஸ்தாபனத்தாரும் எட்டு மணி நேரத்துக்கு 100 என்றே சொல்லுகிறார்கள். எழுத்தளவில் நாம் யாருக்கும் பின்வாங்கவில்லை. ஆனால் டில்லியின் கோடைப் பிற்பகல்களில் இவ்வெல்லை மீறப்படுவது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவிகளிலேயே பதிவாகி வருகிறது. மீறியதற்காக யார் பதில் சொன்னார்? 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் குறைப்பதற்கு இலக்கு வைத்திருப்பது தூசுக்குத்தான். ஓஸோனுக்கு அதில் இலக்கே கிடையாது. தூசு பெரிய சத்துரு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒரு சத்துருவோடு சண்டை நடக்கையில் மற்றொருவனுக்குக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி யாரும் ஆலோசனை கூறுவதில்லை.

மேலேயுள்ள ஓஸோன் விஷயத்தில் உலகம் ஜெயித்ததும் கீழேயுள்ளதில் தயங்குவதும் ஏனென்று யோசிக்குமிடத்து, ஒரு வித்தியாசம் தெளிவாகிறது. அங்கே பிரதிவாதிகள் சில கம்பெனிகள். பெயர், விலாசம், கணக்குப் புத்தகம் எல்லாம் உண்டு. இங்கே பிரதிவாதி நாமே. நம் மோட்டார் சைக்கிள், நம் வீட்டு ஜெனரேட்டர், நாம் கொளுத்தும் குப்பை. கூட்டத்தில் எல்லோரும் குற்றவாளிகளானால் போலீஸ்காரன் யாரைப் பிடிப்பான்? ஆனாலும் இது சாக்காகாது. பெட்ரோல் பங்குகளில் ஆவி வெளியேறாதபடி பிடிக்கும் கருவி, குப்பை எரிப்பதற்குத் தடை, மின்சாரச் சாலைகளின் நைட்ரஜன் புகைக்குக் கட்டு இவையெல்லாம் விலாசமுள்ள இடங்களில் செய்யக் கூடியவை. 2020 ஏப்ரல் முதல் தேசமெங்கும் புது வண்டிகளுக்கு வந்த கடுமையான புகை விதியால் நன்மை உண்டு. பழைய வண்டிகள் ரோட்டை விட்டு அகலும்வரை அது முழுப் பலன் தராது.

அதுவரை ஜனங்களுக்கு எச்சரிக்கையாவது வேண்டாமா? கோடையில் பள்ளிக்கூடத்து விளையாட்டைக் காலை வேளைக்கு மாற்றுவதற்குச் சட்டமும் வேண்டாம், செலவும் வேண்டாம். கட்டட வேலைக்கும் ரோடு வேலைக்கும் பிற்பகலில் இடைவேளை விடுமாறு கலெக்டர்கள் உத்தரவிடலாம். உஷ்ணத்துக்காகச் செய்வதையே ஓஸோனுக்காகவும் செய்ததாகும். வாரியத்தின் கருவிகள் மணிக்கொரு தரம் எண்ணை எழுதிக் கொண்டுதானிருக்கின்றன. அவை இணையத்தில் இருப்பது கல் சுமப்பவருக்கும் மைதானத்து உபாத்தியாயருக்கும் போய்ச் சேரவில்லை. நேற்றைய பிற்பகல் ஓஸோன் அளவும், அது விதியை மீறியதா இல்லையா என்ற ஒரு சொல்லும், மார்ச்சு முதல் ஜூன் முடிய நாள்தோறும் தமிழிலேயே மாலைக்குள் நமது காரியாலயத்துக்கு வந்து சேருமானால், உஷ்ணநிலை அட்டவணைக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் ஒதுக்கச் சித்தமாயிருக்கிறோம். கட்டணம் ஏதும் கேட்க மாட்டோம்.